பத்துக்குப் பக்கத்தில் தடுமாறும் மெஷின்

கல்லூரிப் பிள்ளைகள் என்றாலே எனக்கு ஆகாது. இருபத்திரண்டு வருஷமாகக் கிராம சுகாதாரச் செவிலியராக இருக்கிறேன். வருஷம் தவறாமல் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து நாலு பேர் வருவார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டிக்கொண்டு, என் தாய்மார்களை வரிசையாக உட்கார வைத்துப் போட்டோ எடுப்பார்கள். அதற்கப்புறம் அவர்கள் இருக்கிற திசையே தெரியாது. அதனால் போன ஜூன் மாதம் இசக்கிச்செல்வியும் அல்தாப்பும் என் துணை சுகாதார நிலையத்து வாசலில் வந்து நின்றபோது, "போட்டோன்னா வெளிய நின்னு எடுத்துட்டுப் போங்க. உள்ள தடுப்பூசி போடுத நேரம்" என்றேன்.

என் நிலையம் தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது. வீடும் பக்கத்தில்தான். குற்றாலத்துப் பக்கம் வீடு இருக்கிறவள் மேல் சொந்தக்காரர்களுக்கு ஜூன் மாதம்தான் பாசம் பொங்கும். அன்றைக்கு வீட்டில் ஒன்பது பேர், கொடி முழுக்க ஈரத் துண்டு. அந்த எரிச்சலும் என் பேச்சில் இருந்திருக்கும்.

அவர்கள் போட்டோ எடுக்கவில்லை. உள்ளே ஊசி போட்டு முடிக்கிற வரைக்கும் சாரலில் நனைந்துகொண்டே நின்றார்கள். இசக்கிச்செல்விக்குச் சிவகிரி. அப்பா போலீஸ்காரர் என்று அவள் சொல்வதற்கு முன்பே அவள் நிற்கிற நிலையைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அல்தாப் தென்காசிப் பையன். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தான். இரண்டு பேரும் இன்ஜினியரிங் கடைசி வருஷம்.

"விரல்ல ஊசி குத்தாம ரத்தத்தோட அளவு பாக்குத மெஷின் ஒண்ணு செய்யுதோம் சிஸ்டர்," என்றாள் அவள். "வெளிச்சத்த விட்டு, ரத்தத்தோட நிறத்த வச்சுக் கண்டுபிடிக்கும். பைக்குள்ள வச்சு எங்கயும் கொண்டு போவலாம். உங்க தாய்மாருக்குத்தான் இது வேணும்னு நினைக்கோம்."

ஊசி குத்தாமல் என்ற வார்த்தையில்தான் நான் விழுந்தேன். அது ஏன் என்று சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் பாதிக்குப் பாதி வீடுகளில் பெண்கள் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சுளவு என்கிற முறம், அதில் இலையும் தூளும் நூலும். காலையில் நீட்டின காலை மத்தியானம்தான் மடக்குவார்கள். சாயங்காலம் பீடிக் கடை அடைப்பதற்குள் ஆயிரம் பீடி போய்ச் சேர வேண்டும். குறைந்தால் அடுத்த நாள் இலையைக் குறைத்துவிடுவார்கள். விரல் நுனியில் ஊசி குத்தினால் உங்களுக்கும் எனக்கும் ஒரு பொட்டு ரத்தம், அதோடு போயிற்று. அவர்களுக்கு அது இரண்டு நாள் வேதனை. புகையிலைத் தூள் அந்தத் துளையில் போய் உட்கார்ந்துகொண்டு எரியும். இலையில் ரத்தம் பட்டால் கடையில் அந்தப் பீடிக்கட்டையே கழித்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்து நரம்பில் எடுக்கச் சொன்னால் ஒரு நாள் வேலை போயிற்று. "அடுத்த மாசம் குத்திக்கிடுங்க நர்ஸம்மா" என்பார்கள். அடுத்த மாதமும் அதையே சொல்வார்கள்.

என் ரெஜிஸ்டரில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ரத்தத்தின் அளவை, அதாவது ஹீமோகுளோபினை, எழுத மாதா மாதம் ஒரு கட்டம் உண்டு. அந்தக் கட்டம் காலியாக இருந்தால் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்துக் கேட்பார்கள். தப்பாக இருந்தால் யாரும் கேட்பதில்லை. அதனால் நான் பத்து என்று எழுத ஆரம்பித்தேன். பன்னிரண்டு என்று எழுதினால் நம்ப மாட்டார்கள். எட்டு என்று எழுதினால் என்ன சிகிச்சை கொடுத்தாய் என்பார்கள். பத்து சாதுவான எண். கொஞ்சம் அசலாகத் தெரியட்டும் என்று ஒருத்திக்குப் பத்து, ஒருத்திக்குப் பத்தே கால் என்று மாற்றி மாற்றி எழுதுவேன். முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும் என்று மனதுக்குச் சமாதானம் வேறு. இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் எண்ணி எண்ணிக் கொடுத்துவிடுவேன். அதை விழுங்கினார்களா, ஜன்னல் வழியாகப் போட்டார்களா என்பது அவர்களுக்கும் ஆண்டவனுக்கும்தான் வெளிச்சம்.

பிள்ளைகள் முதலில் கொண்டுவந்தது விரலில் மாட்டுகிற கிளிப். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று விளக்கு. அலிமா வீட்டு முன்கூடத்தில்தான் அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிச் சுற்றுவார்கள். அங்கே இருபது பேருக்கு மாட்டிப் பார்த்தார்கள். இருபது பேருக்கும் சிவப்பு. எனக்கு மாட்டினால் பச்சை.

"ஊர்ல நர்ஸம்மாவத் தவிர யாரும் உசுரோட இல்ல போலுக்கு," என்றாள் மாஜிதா. அலிமாவின் மருமகள், ஏழு மாதம். மாப்பிள்ளை சவூதியில். அவள் சொன்னதைக் கேட்டு எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான்.

தப்பு எங்கே என்று அல்தாப் அங்கேயே கண்டுபிடித்தான். வருஷக்கணக்கில் புகையிலை ஏறிக் கறுத்த விரல்கள், அதற்கு மேல் மருதாணி வேறு. வெளிச்சம் உள்ளேயே போகவில்லை. போதாக்குறைக்கு, கிளிப்பை மாட்டின பிறகும் ஒருத்தியும் கையை நிறுத்தவில்லை. "ரெண்டு நிமிஷம் கைய அசைக்காம இருங்க சாச்சி" என்று அவன் கெஞ்சினதற்கு, "ரெண்டு நிமிசத்துக்கு நாலு பீடிலா. நீ சுத்தித் தருவியால?" என்றாள் அலிமா.

ஆட்டம் முடிந்தது, இனி வர மாட்டார்கள் என்று நினைத்தேன். அடுத்த திங்கட்கிழமை வந்தார்கள், மெஷின் இல்லாமல். அல்தாப் அலிமாவுக்கு முன்னால் உட்கார்ந்து, "ஒரு சுளவு தாங்க சாச்சி, அன்னைக்குக் கெடுத்த பீடியச் சுத்தித் தாரேன்" என்றான். விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று பார்த்தால், வெட்டின இலையை எடுத்துத் தூள் வைத்து உருட்டி நுனி மடக்கி நூல் கட்டினான். அவன் உம்மாவும் பீடி சுற்றித்தான் அவனைப் படிக்க வைத்திருக்கிறாள். அன்று சாயங்காலம் வரைக்கும் சுற்றினான். இசக்கிச்செல்வி ஒரு மூலையில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ வரைந்துகொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். பக்கம் பூராவும் கால்.

"கை ரெண்டும் ஓயாது சிஸ்டர். ஆனா காலப் பாருங்க," என்றாள். "காலைலருந்து அசையவே இல்ல. அங்கன பெருவிரல்ல கறையும் கிடையாது."

நானும் இருபத்திரண்டு வருஷமாக அதே கால்களைத் தாண்டித் தாண்டித்தான் நடந்திருக்கிறேன். எனக்குத் தோன்றியதா? அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர்களை வீட்டுக்குக் கூப்பிட்டேன். ஒன்பது பேரோடு பதினொன்று.

காலில் ஒரு சங்கடம் இருந்தது. அல்தாப் குனிந்து காலைத் தொடப் போனால், பெண்கள் காலைச் சுருட்டிச் சேலைக்குள் வைத்துக்கொண்டார்கள். வயதுக்கு வந்த பையன் காலைத் தொடுவதா? சரி, யாரும் தொட வேண்டாம், அவர்களே மாட்டிக்கொள்ளட்டும் என்று பிள்ளைகள் ரப்பர்ச் செருப்பு ஒன்றை வாங்கி, பெருவிரல் நுழைகிற இடத்தில் மெஷினைப் பதித்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அது மகா மூளையாகத்தான் பட்டது. அல்தாப் அதை எடுத்துக்கொண்டு கூடத்துக்குள் ஒரு அடி வைத்திருப்பான். அலிமா எழுந்தே விட்டாள்.

"வீட்டுக்குள்ள செருப்பா?"

"புதுசு சாச்சி. தரையில படவே இல்ல."

"புதுசுன்னா அது செருப்பு இல்லையோ? உங்க உம்மா வீட்டுல இப்படித்தான் கொண்டு போவியா?"

ஸ்க்ரூ டிரைவரைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறவன், பிறந்ததிலிருந்து வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு வளர்ந்தவன், மெஷின் நினைப்பில் அதை மறந்துவிட்டான். காதுவரை சிவந்துபோய் வெளியே போனான். நாலு நாள் கழித்து வந்தபோது செருப்பு போய் ஒரு மரப்பலகை இருந்தது. சப்பாத்திப் பலகை அளவு. அதில் ஒரு வளையம். காலை நீட்டிப் பெருவிரலை அந்த வளையத்துக்குள் விட்டால் போதும். நகத்தில் மருதாணி இருந்தாலும் பாதகமில்லை, வெளிச்சம் பக்கவாட்டில் போகும். கையை நிறுத்த வேண்டாம். முப்பது எண்ணுவதற்குள் விளக்கு எரியும், ஓரத்தில் எண்ணும் வரும். அலிமாவே முதலில் காலை நீட்டினாள். மஞ்சள்.

அந்தப் பிள்ளைகளை நான் எப்போது நேசிக்க ஆரம்பித்தேன் என்று கேட்டால், அன்றைக்குத்தான் என்று சொல்வேன். என் வினை தொடங்கினதும் அன்றைக்குத்தான்.

"மெஷின் சொல்லுதது சரியான்னு பாக்கணும் சிஸ்டர். உங்க ரெஜிஸ்டரத் தாரியளா?" என்றாள் இசக்கிச்செல்வி. "எங்களுக்கு இதவிட நம்பகமான கணக்கு எங்க கிடைக்கும்?"

தர மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? கொடுத்தேன்.

இருபத்து மூன்று தாய்மார்களுக்குப் பலகை வைத்தார்கள். பன்னிரண்டு பேருக்கு மெஷினும் ரெஜிஸ்டரும் அச்சாகப் பொருந்தின. அந்தப் பன்னிரண்டு பேரும் பீடி சுற்றாதவர்கள், ஊசிக்கு விரல் கொடுத்தவர்கள். மீதிப் பதினொரு பேருக்கும் பொருந்தவில்லை. மாஜிதாவுக்கு என் ரெஜிஸ்டரில் பத்தே கால். பலகையில் சிவப்பு, ஆறரைக்கும் கீழே.

இசக்கிச்செல்வி என்னிடம் வந்து, "மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர், மெஷின் தப்பாக் காட்டுது" என்றாள். நான் ரெஜிஸ்டரை வாங்கி மூடினேன். மாஜிதா முகம் வெளுத்திருக்கிறது, ஆனால் அவள் பிறவியிலேயே சிவப்பு நிறம், பிள்ளைகளின் பலகை புதுசு, ஆறு என்றால் அவளால் நடக்கவே முடியாதே என்று எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன்.

அடுத்த பத்து நாள் அவர்கள் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "பதினோரு பேருமே பத்துக்கிட்ட உள்ளவங்க சிஸ்டர். பத்துக்குப் பக்கத்துல மட்டும் மெஷின் என்னமோ தடுமாறுது" என்றான் அல்தாப். ஏன் தடுமாறுகிறது? சாரல் குளிரில் கால்விரல் சில்லிட்டுப் போவதாலா என்று வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிப் பார்த்தார்கள். நீட்டின காலில் ரத்த ஓட்டம் குறைகிறதா என்று மடக்கச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று தடவை மெஷினைப் பிரித்துப் பூட்டினார்கள். என் ரெஜிஸ்டர் தப்பாக இருக்கலாம் என்ற நினைப்பு மட்டும் இரண்டு பேருக்கும் ஒரு நொடி கூட வரவில்லை. என்னைத் திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

பதினோராவது நாள் காலையில் இரண்டு பேரும் சிரித்த முகமாக வந்தார்கள். "சரியாயிருச்சு சிஸ்டர். உங்க நம்பரோட ஒத்துப் போற மாதிரி கணக்க மாத்திட்டோம். இன்னைக்குச் சாயங்காலம் எங்க காலேஜ் சார் வந்து பாத்துட்டா, இதையே முடிவா வச்சுக்கிடுவோம்."

அலிமா வீட்டுக்குப் போனோம். மாஜிதா காலை நீட்டிப் பெருவிரலை வளையத்தில் விட்டாள். முப்பது எண்ணினோம். விளக்கு மஞ்சள்கூட இல்லை, பச்சையை ஒட்டி எரிந்தது. எண் பத்துக்கு மேல்.

"பாத்தியளா மாமி, எனக்கு ஒண்ணுமில்ல," என்றாள் மாஜிதா. "ராத்திரி அவுககிட்டச் சொல்லணும். மூச்சு வாங்குதுன்னு சொன்னதுக்குப் பயந்து போயிருக்காக."

மூச்சு வாங்குகிறது என்று என்னிடம் அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. பச்சை வெளிச்சம் அவள் முகத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் குனிந்து அவள் கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தேன். துவைத்த துணி மாதிரி வெள்ளை.

"ஏட்டி செல்வி, மெஷின் சரி," என்றேன். "என் ரெஜிஸ்டர்தான் தப்பு."

அவளுக்குப் புரியவில்லை. "எந்தப் பக்கம் சிஸ்டர்?"

"பதினோரு பேருக்கும். நான் ஒருத்தி விரல்லயும் குத்தல. உக்காந்த இடத்துல பத்துன்னு எழுதுனேன்."

கூடத்தில் எட்டுப் பெண்கள் இருந்தார்கள். பீடி சுற்றுகிற அந்தக் கைகள் சாவுச் செய்தி வந்தால்கூட ஒரு பீடியை முடித்துவிட்டுத்தான் நிற்கும். அன்றைக்கு எல்லாக் கையும் நின்றது. அலிமா என்னைப் பார்த்து, "உங்கள நம்பித்தான நர்ஸம்மா இருந்தோம்" என்றாள்.

அல்தாப் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "அப்போ பத்துக்கிட்ட தடுமாறலையா?" என்று மெதுவாகக் கேட்டான்.

"ஏலே, மெஷின் தடுமாறல. நாந்தான்."

பையிலிருந்து ஊசியையும் ரத்தம் பார்க்கிற பட்டையையும் எடுத்தேன். மாஜிதா பழக்கத்தில் கையைப் பின்னால் இழுத்தாள். அலிமா எழுந்து வந்து, மருமகள் மடியிலிருந்த சுளவைத் தூக்கித் தன் சுளவின் மேல் வைத்துக்கொண்டாள். "விரலக் குடுட்டி. ரெண்டு பேருக்கும் உள்ளத நான் சுத்துதேன்," என்றாள். குத்தினேன். ரத்தம் தண்ணீராக வந்தது. ஆறு புள்ளி மூன்று.

அல்தாப் அதற்குள் பத்து நாள் மாற்றங்களையும் அழித்துப் பழைய கணக்கைக் கொண்டுவந்துவிட்டான். மறுபடியும் பெருவிரல். சிவப்பு. ஆறு புள்ளி நான்கு. அந்தப் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட பார்வையில் எவ்வளவு சந்தோஷம் இருந்தது! அடுத்த நொடியே, சந்தோஷப்படுகிற நேரமா இது என்று இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஆட்டோ பிடிக்க ஓடினது இசக்கிச்செல்வி.

தென்காசி பெரிய ஆஸ்பத்திரியில் அன்றே சேர்த்து ரத்தம் ஏற்றினார்கள். பிறகு இரும்புச்சத்து ஊசி, மாத்திரை, கீரை, முட்டை. அலிமா தினமும் முன்னால் நின்று மாத்திரையை விழுங்க வைத்து, வாயைத் திறந்து காட்டச் சொல்வாள். மற்றப் பத்துப் பேரில் மூன்று பேருக்கு எட்டுக்குக் கீழே இருந்தது. அவர்களையும் நானே கூட்டிக்கொண்டு போனேன். செப்டம்பரில் மாஜிதாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்தில் ரத்தப்போக்கு கொஞ்சநஞ்சமில்லை. "இவ ரத்தம் ஆறுலயே இருந்திருந்தா நாங்க ஒண்ணும் செய்திருக்க முடியாது" என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரிக்கு வந்திருந்த அல்தாப்பைக் கட்டிப்பிடித்து அழ வேண்டும் போலிருந்தது. பிள்ளை சங்கடப்படுவான் என்று காபி வாங்கிக் கொடுத்தேன்.

அதற்கு முன்பே, ஆகஸ்டில், அவர்களுடைய கல்லூரி அறிக்கை தயாராகியிருந்தது. கல்லூரிக்குக் கொடுப்பதற்கு முன் இசக்கிச்செல்வி ஒரு பிரதியை என் மேஜையில் வைத்தாள். என் பெயர் அதில் எப்படி இருக்கும் என்று தெரிந்தேதான் திறந்தேன். மெமோ வரும், வரட்டும் என்று துணிந்திருந்தேன். இருபத்து மூன்று வரி. பன்னிரண்டு வரியில் என் எண்களும் அவர்கள் எண்களும் பக்கத்தில் பக்கத்தில். பதினொரு வரியில் மெஷின் எண்ணும், அதற்குப் பின் ஊசியில் பார்த்த எண்ணும் இருந்தன. ரெஜிஸ்டருக்கு உரிய இடத்தில் மட்டும், "அளவு எடுக்கப்படவில்லை, பீடி சுற்றும் விரலில் ஊசி குத்த முடியாததால்" என்று இருந்தது.

"நான் பொய் எழுதுனேன்னு போடலையாட்டி?"

"பொய்னு போட்டா அது உங்களப் பத்தி சிஸ்டர். எடுக்கலன்னு போட்டா அது ஊசியப் பத்தி," என்றாள். "நாங்க ஊசியப் பத்தித்தான எழுத வந்தோம்."

இருபத்தோரு வயது. சிவப்புப் பேனாவை எடுத்து, என் ரெஜிஸ்டரில் அந்தப் பதினொரு பத்தையும் அடித்து, அளந்த எண்ணைப் பக்கத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாதக் கூட்டத்தில் எழுப்பி நிற்க வைத்தார்கள். நின்றேன். மெமோவும் வந்தது. வாங்கிக்கொண்டேன்.

பலகை இப்போது என் பையில்தான் இருக்கிறது. அடுத்த பலகையைப் பாவூர்சத்திரம் பக்கத்து நர்ஸுக்கு என்று செய்துகொண்டிருக்கிறார்கள். போன மாதம் புதிதாகப் பதிவு செய்த ஒருத்தி தாய் வீட்டுக்குப் போய்விட்டாள், அளக்க முடியவில்லை. கூட்டத்தில் அந்தக் கட்டத்தில் விரலை வைத்து, "இது ஏன் காலியா இருக்கு?" என்று கேட்டார்கள்.

"இன்னும் அளக்கல சார்," என்றேன். "அதான் காலியா இருக்கு."